தனிவாய்க்காலும் வரம்பும்: மெய்நிகர் இயந்திர வரலாற்றில் ஒரு நோக்கு

நெளுக்குளம் என்னும் ஊர்ப்பெயரே குளத்தைத் தாங்கி நிற்கிறது. வன்னியிலே குளத்து நீர் துருசினூடாக வாய்க்காலை அடைந்து, முறைப்படி வயல்களுக்குப் பகிரப்படும். ஒரு வயலுக்கு மட்டும் தனிவாய்க்கால் வெட்டினால் நீர் விரைந்து சேரும். வரம்பு இல்லையேல் அயல்வயல் அழியும். கணினி வரலாற்றிலும் இத்தகைய சிக்கலொன்று உண்டு. ஒரே கணினியைக் கட்டுப்பாட்டு நிரலொன்று பல கணினிகள்போல் தோன்றச் செய்கிறது. அத்தோற்றங்களே மெய்நிகர் இயந்திரங்கள். அவற்றுள் ஒன்றுக்குப் புறச்சாதனம் ஒன்றை நேரடியாகக் கையளிக்கலாமா என்பதே வினா.

ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவாகிய சி.பி.-40 என்னும் நிரல் 1967ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அம்மரபில் வட்டுகள் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டன. பகுக்கவியலாத நாடா இயக்கிகள் ஒரு வேளையில் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கே ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கிய பின்னரும், சாதனத்துக்கான கட்டளைகளைக் கட்டுப்பாட்டு நிரல் இடைமறித்து, அவற்றிலுள்ள நினைவக முகவரிகளை மாற்றியமைத்தது. இதனால் தாமதம் நேர்ந்தது. 1972இல் அறிவிக்கப்பட்ட வி.எம்./370 முறைமையிலோ, மெய்யான முகவரிகளையே கொண்ட ஓர் இயந்திரத்துக்கு மட்டும் இம்மாற்றத்தைத் தவிர்க்க வழியிருந்தது. வேகம் கூடியது, காவல் நீங்கியது.

1974இல் பொபெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் மெய்நிகர் இயந்திரத்துக்குரிய இலக்கணத்தை வகுத்தபோது, செயல்திறனையும் வளங்கள்மீதான முழுக் கட்டுப்பாட்டையும் ஒருங்கே வற்புறுத்தினர். நேரடி அணுக்கத்தில் இவ்விரண்டும் முரண்பட்டன. ஏனெனில், புறச்சாதனம் செயலியின் துணையின்றித் தானே நினைவகத்தில் எழுதவல்லது. ஆதலின் செயலியிலுள்ள காவல் அதனைத் தடுக்காது. தவறான முகவரியொன்று அயல் இயந்திரத்தின் நினைவகத்தையே சிதைத்துவிடலாம்.

இம்முரண்பாட்டுக்கு, பரவலாகப் பயன்படும் கணினிகளில் விடை வன்பொருளிலிருந்தே வந்தது. 2006இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள், சாதனங்கள் நாடும் ஒவ்வொரு முகவரியையும் சோதித்து மாற்றும் அலகுக்கான வரையறைகளை வெளியிட்டன. 2007இல் ஒரே அட்டை பல அட்டைகளாகத் தோன்றுவதற்கான நியமம் வகுக்கப்பட்டது. 2012இல் லினக்ஸ் கருவகம் இவ்வலகைத் துணைக்கொண்டு சாதனங்களைப் பாதுகாப்பாகக் கையளிக்கும் வி.எஃப்.ஐ.ஓ. என்னும் அமைப்பைப் பெற்றது. எனினும், தம்முள் பிரித்துக் காக்கவியலாத சாதனங்களை ஒரே தொகுதியாகவே கையளிக்க வேண்டும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வளங்குன்றிய பல்கலைக்கழகங்களுக்கு இவ்வரலாறு வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. விலைமிக்க கணினியொன்றைப் பலர் பங்கிடும் ஆய்வுகூடத்தில், ஒரு மாணவரின் பிழை மற்றொருவரின் ஆய்வை அழித்தலாகாது. நம்பிக்கையை மட்டும் கொண்டு நேரடி உரிமை வழங்கிய காலம் உண்டு. வரம்பை அமைத்த பின்னரே அவ்வுரிமை அனைவருக்கும் பொதுவாயிற்று.