பத்து, பன்னிரண்டு, பதினெட்டு

“பதினொண்ணுல தாலி ஏறியாச்சு” என்பாள் என் பாட்டி. “அப்போ சட்டமே கிடையாதாப்பா?” என்று என் மகள் கேட்டாள். இருந்தது.

1890-இல் நாம் வாழும் இதே கல்கத்தாவில், பூல்மணி தாசி என்ற சிறுமி கணவன் ஹரிமோகன் மைத்தியின் வன்செயலால் ரத்தப்போக்கில் இறந்தாள். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வைத்த வரம்பு 10 வயது. அவளோ பத்தைத் தாண்டியவள்! ஆகவே பலாத்கார வழக்கே நிற்கவில்லை. அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்ததாக ஓராண்டுக் கடுங்காவலோடு முடிந்தது.

பம்பாயில் மலபாரி முன்பே குரல் கொடுத்துவந்தார். 1891 மார்ச்சில் வரம்பு 12 ஆயிற்று. அந்நியன் சட்டம் நம் வீட்டுக்குள் வரலாமா என்று திலகர் எதிர்த்தார். விழா மலர்களில் நாம் இதையெல்லாம் எழுதுவதில்லை.

பிறகு 1925-இல் 14, 1949-இல் 16. மனைவிக்கு மட்டும் ஒரு வயது குறைவு: 13, 15. 2012-இல் போக்சோ சட்டம் 18 என்றது. அதற்குக் கீழே ‘சம்மதம்’ என்ற பேச்சே எடுபடாது. ஆனாலும் தண்டனைச் சட்டத்தில் மனைவிக்கான 15, 2017-இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை அப்படியே கிடந்தது.

2019 திருத்தத்துக்குப் பின், 16 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலாத்காரம் செய்தால் குறைந்தபட்சமே 20 ஆண்டு. நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. மகளிடம் இதைச் சொன்னேன். பாட்டியைப் பற்றி அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.