மூன்று தட்டச்சர்களும் ஒரு கறுப்புத் திரையும்

1971ஆம் ஆண்டின் பிற்பாதியில், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து விண்ணப்பங்களை அடித்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் பக்கம் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது யூனிக்ஸ். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதிய வரலாற்றில் இந்த மூவரும் 'மூன்று தட்டச்சர்கள்' என்று ஒரு வாக்கியத்தில் வந்து போகிறார்கள். கென் தாம்ப்சன், ரிட்சி, டக் மக்கில்ராய் என்று வீரர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த மூவருக்குப் பெயர் கிடையாது. வரலாறு என்கிற கதையாடல் யாரை அடிக்குறிப்பில் தள்ளுகிறது என்பதற்கு நாம் ரொம்பத் தூரம் தேடிப்போக வேண்டாம்.

இத்தனைக்கும் அவர்கள் யூனிக்ஸின் ஓரத்தில் இருந்தவர்கள் இல்லை. மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து 1969இல் பெல் விலகிக்கொண்டது. இன்னொரு இயங்குதளத்துக்குக் காசு தர நிர்வாகத்துக்கு மனசில்லை. தாம்ப்சனும் ரிட்சியும் யாரும் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு பிடிபி-7 எந்திரத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். புது எந்திரம் வாங்க வேண்டியபோது, 'இயங்குதளம் எழுதப்போகிறோம்' என்று சொன்னால் நடக்காது. 'ஆவணம் தயாரிக்க ஒரு ஏற்பாடு செய்து தருகிறோம்' என்றார்கள். பிடிபி-11 வந்தது. ஆக, தட்டச்சு வேலையின் பெயரைச் சொல்லித்தான் யூனிக்ஸ் தன் முதல் உருப்படியான காசை வாங்கியது. அந்தக் கறுப்புத் திரையை (அப்போது திரையும் இல்லை, காகிதம்தான்) நிபுணர்களுக்கு வெளியே முதலில் பழகியவர்கள் தட்டச்சுக்காரர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கமாண்ட் லைன்' என்றாலே நம்மாட்களுக்கு ஒரு பயம். அது பொறியாளர்களின் மொழி, கணக்குத் தெரிந்தவனின் சமாச்சாரம், எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்கிற மனோபாவம். இந்தப் பயம் இயற்கையானதல்ல, உற்பத்தி செய்யப்பட்டது. எங்கே, எப்போது என்று பார்க்கச் சங்கரன்கோவில் போன்ற ஒரு சிறுநகரம் வசதியான இடம்.

முதலில் அந்தக் கட்டளைகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். எல்எஸ் என்றால் இருப்பதைக் காட்டு. சிபி என்றால் நகலெடு. எம்வி என்றால் நகர்த்து. ஆர்எம் என்றால் அழி. பிடபிள்யூடி என்றால் நான் இப்போ எங்கே நிற்கிறேன். (இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், இப்படியே அடித்தால் ஓடாது. ஓட வைக்கவும் வழியுண்டு, பின்னால் வருகிறேன்.) ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கின்றன? மேதைகளின் இரகசிய மொழி என்பதாலா? இல்லை. அன்றைக்கு அவர்கள் கையிலிருந்தது டெலிடைப் மாடல் 33. தந்தி அடிக்கிற எந்திரத்தின் வாரிசு. விநாடிக்கு 10 எழுத்துதான் அச்சாகும், விசையை விரல் நோக அழுத்த வேண்டும். அப்போது யார் நீளமாகப் பேசுவார்கள்? தந்திக்கு எழுதுகிற மாதிரிச் சொல்லைக் குறைத்தார்கள். யூனிக்ஸின் இன்னொரு குணமும் இதிலிருந்து வந்ததுதான். வேலை சரியாக முடிந்தால் அது ஒன்றும் சொல்லாது. கோப்பை நகலெடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் 'ஒண்ணுமே ஆகலையே' என்று திரும்பத் திரும்ப அடிப்பார்கள். காகிதமும் நேரமும் மிச்சம் பிடிக்கவேண்டிய காலத்தின் மௌனம் அது. 'உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?' என்று கேட்டுக் கேட்டு நம்மைக் குழந்தையாக்குகிற வேலையும் அதற்குத் தெரியாது. ஆர்எம் என்று அடித்தால் போச்சு. குப்பைத்தொட்டியில் தேடி எடுக்கிற வசதியெல்லாம் இல்லை. இந்த மரியாதையும் இந்த ஆபத்தும் ஒரே நாணயத்தில் இருக்கின்றன.

இப்போது நம்மூருக்கு வரலாம். 2019இல் தென்காசி மாவட்டம் பிரிகிறவரை திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த ஊர். ஆடித்தபசு, மல்லிகைப்பூச் சந்தை, தறிச்சத்தம். இவற்றோடு நான்காவதாக ஒரு சத்தமும் உண்டு, அதை யாரும் ஊர்ப்பெருமையில் சேர்ப்பதில்லை. மாடியில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் சத்தம். தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகரத்திலும் இது கேட்கும். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்களும் பையன்களும் காலையில் ஒரு மணிநேரம் போய் ஆங்கிலத்தில் ஏஎஸ்டிஎஃப், தமிழில் யளனக என்று விரலைப் பழக்குவார்கள். லோயர் என்றால் நிமிஷத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சான்றிதழ், அப்புறம் குரூப் 4 தேர்வு, அப்புறம் தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலி. குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்க மேஜையைப் பார்த்த எத்தனையோ பேருக்கு அதுதான் வாசல். நல்ல கையெழுத்துக்காக உடலைப் பழக்குவது பற்றி ஃபூக்கோ எழுதியதை இங்கே ஞாபகப்படுத்தலாம்: முதுகு நிமிர்ந்து, மணிக்கட்டு உயர்ந்து, கண் விசையைப் பார்க்காமல். ஒழுங்குக்கு உட்பட்ட உடல்தான். ஆனால் ஒழுங்கு மட்டுமே என்று சொல்லி முடித்துவிடுவது நம் கோட்பாட்டாளர்களின் சோம்பேறித்தனம். அந்த விரல்களுக்குள் ஒரு திறன் ஏறியிருந்தது. பெல் ஆய்வுக்கூடத்து மூவரிடம் இருந்த அதே திறன்.

1990களில் சிறுநகரங்களுக்குக் கணினி மையங்கள் வந்தபோது அங்கே முதல் பாடம் எம்எஸ்-டாஸ். கறுப்புத் திரை, அதில் கண்சிமிட்டுகிற ஒரு கோடு, டிஐஆர், சிடி, காப்பி. அடைவுக்குள் அடைவு என்ற ஏற்பாட்டை டாஸ் 1983இல் தன் இரண்டாம் பதிப்பில் யூனிக்ஸைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டது. லோயர் முடித்த ஒரு பெண் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு அது அந்நியமாக இருந்திருக்க முடியாது. அடி, வரி முடிந்ததும் தட்டு, பதில் வரும். ஒரு சில வருஷம் இந்த ஜன்னல் திறந்திருந்தது. விண்டோஸ் 95 வந்தது, மூடியது. (பெயர்தான் ஜன்னல்.) அதன்பின் 'கம்ப்யூட்டர் படிப்பு' என்றால் சுட்டியைப் பிடித்துப் படத்தைச் சொடுக்குவது. தட்டச்சு முடித்தவர்களுக்காகவே அரசு நடத்துகிற சான்றிதழ்ப் படிப்பின் பெயரே ஆபீஸ் ஆட்டோமேஷன். கடிதம், அட்டவணை, காட்சிவில்லை. எந்திரத்துக்குக் கட்டளையிடுவது ஒரு சாதியாரின் வேலை, எந்திரம் நீட்டுகிற பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இன்னொருவரின் வேலை என்ற பிரிவினை இப்படித்தான் உறைந்தது. சாதி என்ற சொல்லைச் சும்மா உருவகமாகப் போடவில்லை. யார் பொறியியல் கல்லூரிக்குப் போனார்கள், யார் மாடிப்படி ஏறி டைப்ரைட்டிங் போனார்கள் என்று கணக்கெடுத்தால் தெரியும்.

இடதுசாரித் தோழர்களிடமும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கல்கத்தாவில் கணினியை உள்ளே விடாமல் மறித்துப் போராடினார்கள். வேலை போகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் போராட்ட மரபு கணினியை 'வருகிறதா, வராதா' என்றே பார்த்தது. வந்துவிட்ட எந்திரத்தின் முன்னால் தட்டச்சர் யாராக உட்காரப்போகிறார், கட்டளையிடுகிறவராகவா, தரவு நிரப்புகிறவராகவா என்ற கேள்வி எழவில்லை. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக் காலத்தைப் பற்றி ரிச்சர்ட் ஸ்டால்மன் சொல்கிற ஒரு விஷயம் இங்கே பொருந்தும்: மல்டிக்ஸில் ஈமேக்ஸ் பயன்படுத்திய செயலாளர்கள் அதை விரிவாக்கக் கற்றுக்கொண்டார்கள், அது நிரல் எழுதுவது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அதனால் பயம் வரவில்லை.

அந்த ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்ததும், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டதும் பலரும் எழுதிவிட்ட கதை. தமிழ்நாட்டு அரசியலுக்குள் அது நுழைந்தது 2007இல். எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கினார். அதே ஆண்டுவாக்கில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் வந்தது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம். பல மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன, விண்டோஸ் ஒன்று, பாஸ் ஒன்று. சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒரே உடம்பில் இரண்டு தெய்வம் புதிதல்ல. ஆனால் சங்கரநாராயணர் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவார். மடிக்கணினி 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்றது. மாணவர்கள் தேர்ந்தெடுத்தது எதை என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அந்த இன்னொரு பாதியை எதற்கு, எப்படித் திறப்பது என்று சொல்ல வகுப்பில் ஆள் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களைத் தயார்செய்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. நாம் பெட்டியைக் கொடுத்தோம். 2018இல் வந்த நமது பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு இருக்கிறது, உண்மை. ஆனால் அங்கேயும் திரையிலுள்ள படங்களின் பெயர்ப்பட்டியல்தான் முன்னால் நிற்கிறது.

சரி, கறுப்புத் திரை தமிழுக்கு இடம் கொடுக்குமா? இதுதான் எனக்கு அதிகம் சுவாரசியமான இடம். டெர்மினல் என்பது சமமான கட்டங்களின் பலகை: குறுக்கே 80, நெடுக்கே 24. அந்த 80 ஐபிஎம்மின் 1928ஆம் வருஷத்துத் துளை அட்டையிலிருந்து வருகிறது. (துளை அட்டையை ஜக்கார்டு தறியிலிருந்து நேர்கோடாக இழுத்துவந்து தறிக்காரனுக்கும் கணினிக்கும் சம்பந்தம் பேசுவது நம்மூர் மேடைக்கு நன்றாக இருக்கும்; ஆனால் ஹாலரித் தனக்கு யோசனை கொடுத்தது ரயில் கண்டக்டர் பயணச்சீட்டில் போட்ட துளை என்றுதான் சொன்னார்.) ஒரு கட்டம், ஓர் எழுத்து என்பது ரோமன் எழுத்தின் தன்மை. நம்முடைய 'கொ' இருபக்கமும் கையை விரிக்கும். 'ணௌ' மூன்று வீட்டில் குடியிருக்கும். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் விலகி நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும்.

இந்தக் கட்டப் பிரச்சினையை நாம் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துத் தீர்த்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலைபார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது அவருக்கு எதிரே நின்றதும் இதே கட்டம்தான். அடிக்க அடிக்க வண்டி ஒரு வீடு நகரும். புள்ளியை எங்கே வைப்பது? நகரா விசை என்று ஒன்றை வைத்தார். புள்ளியை அடித்தால் வண்டி அசையாது, அடுத்து அடிக்கிற மெய் அதன் கீழே வந்து உட்காரும். மாடியில் யளனக பழகிய ஒவ்வொரு பெண்ணின் விரலிலும் இந்தத் தீர்வு இருந்தது. கணினித் தமிழ் பற்றிய நம் பெரிய விவாதங்களில் அந்தப் பெண்களை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

யூனிக்ஸில் எண்ணுவதற்கு டபிள்யூசி என்று ஒரு கட்டளை. 'அம்மா' என்று எழுதி எண்ணச் சொல்லிப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து. வரி முடிவை விட்டுவிட்டால் அது குறியீடுகள் 5 என்கும், பைட்டுகள் 15 என்கும். புள்ளிக்கு ஒன்று, துணைக்காலுக்கு ஒன்று. தொல்காப்பியம் மெய்யின் இயல்பாகச் சொன்ன புள்ளி இங்கே தனி எழுத்தாக எண்ணப்படுகிறது. காரணம், 1991இல் வந்த யூனிகோட் தமிழை இஸ்கி என்ற இந்திய அரசின் குறியீட்டு வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டது, அந்த வரிசையோ தேவநாகரியை மனசில் வைத்துப் போடப்பட்டது. இதற்கு மாற்றாக எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் கேட்ட தமிழ்நாடு அரசு 2010இல் டேஸ்16 என்ற குறியீட்டை ஏற்று ஆணை போட்டது. உலகம் யூனிகோடோடு போய்விட்டது. மொழி அதிகாரம் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அது உட்கார்ந்திருக்கிற இடத்தை ஒரே ஒரு வரி அடித்துக் கண்ணால் பார்க்கலாம் என்பதைக் கவனித்ததில்லை. சொடுக்குகிறவனுக்கு இது தெரியவராது.

ஒரு எழுத்துக்கு மூன்று பைட்டு கொடுக்கிற அந்த யுடிஎஃப்-8 முறையை 1992இல் கண்டுபிடித்தவர்களும் அதே கென் தாம்ப்சனும் ராப் பைக்கும்தான். அதனால் ஒரு நன்மையும் உண்டு. யூனிக்ஸுக்குக் கோப்பின் பெயர் வெறும் பைட்டுகளின் வரிசை, சாய்கோடு கூடாது. 'அப்பாவின் கடிதங்கள்' என்று கோப்புக்குப் பெயர் வைக்கலாம். ஏலியஸ் என்ற கட்டளையைக் கொண்டு எல்எஸ்ஸுக்குப் 'பட்டியல்' என்றும், பிடபிள்யூடிக்கு 'எங்கே' என்றும் வைத்துக்கொள்ளலாம், ஓடும். வேடிக்கைக்குச் சரி. எல்லாக் கட்டளையையும் தமிழாக்கிவிட்டால் விடுதலை என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. எல்எஸ் என்பது ஆங்கிலமும் இல்லை, எந்த ஆங்கிலக்காரனும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. இருபது முப்பது சுருக்கெழுத்து, பிட்மன் சுருக்கெழுத்தைப் பழகியவர்களுக்கு இது ஒரு வாரப் பாடம். தமிழ் வேண்டியிருப்பது விளக்கத்தில்: இது என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது, தப்பினால் என்ன ஆகும் என்று சொல்கிற உரைநடையில். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழும், து. நித்யா 'எளிய தமிழில்' என்று எழுதிய நூல் வரிசையும், விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாரக்கடைசியில் சொல்லிக்கொடுக்கிற குனூ/லினக்ஸ் பயனர் குழுவும் செய்வது இதைத்தான். நம் சிறுபத்திரிகைகள் இவர்களை மொழிப்பணியாளர்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கலைச்சொல் கூட்டங்களில் மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்றைக்கு ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் லினக்ஸ் கரு ஓடுகிறது. தறிக்காரர், பூக்கட்டுகிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாரிடமும். அடிக்கிற இடத்தை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மாடியில் காலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, டபிள்யூசியையும் எல்எஸ்ஸையும் காட்டுவதற்கு ஆகிற செலவு மின்சாரம்தான். பாடத்திட்டத்தில் இல்லையே என்பார்கள். 1971இல் அந்த மூவருக்கும் பாடத்திட்டம் ஏதும் இருக்கவில்லை, கையேட்டின் முதல் பதிப்பே அந்த நவம்பரில்தான் வந்தது.