இருபது தாண்டிய ஜாங்கோ



மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளரிடம், "விடுதி நினைவுகளை எல்லாரும் எழுதுவாங்க, நான் எனக்குச் சோறு போடுற மென்பொருளைப் பத்தி எழுதறேன்" என்றேன். இணையதளங்களை எழுப்ப உதவும் ஃபிரேம்வொர்க் அது. பெயர் ஜாங்கோ. மூல நிரல் எல்லோருக்கும் பொது, காசு கிடையாது.

2003-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் இதைத் தொடங்கினார்கள். செய்தி அவசரத்துக்கு ஈடுகொடுக்கத்தான்! கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரைச் சூட்டி, 2005 ஜூலையில் பொதுவில் வெளியிட்டார்கள். 2008-இல் அறக்கட்டளை பிறந்தது.

இப்படிப்பட்ட மென்பொருள்கள் பல, தொடங்கியவர்கள் களைத்ததும் அநாதையாகிவிடும். அப்புறம் பாதுகாப்பு ஓட்டைகளை யார் அடைப்பது? ஜாங்கோவுக்கு அந்தக் கதி வராததற்கு மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, மூத்தவர்கள் நாற்காலியை விட்டார்கள். 2014 தொடக்கத்தில் ஹோலோவாட்டியும் ஜேக்கப் கப்ளான்-மாஸும் இறுதி முடிவெடுக்கும் அதிகாரத்தைத் துறந்தனர். 2020-இல் மையக் குழுவும் கலைக்கப்பட்டு, தேர்தலில் வரும் சிறு குழுவிடம் பொறுப்பு போனது.

இரண்டாவது, தொண்டுள்ளம் மட்டும் போதாது என்று உணர்ந்து, 2014-இல் நன்கொடைப் பணத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். பிழைகளைப் பார்ப்பதும் திருத்தங்களைச் சரிபார்ப்பதும் அவர் வேலை.

மூன்றாவதுதான் முக்கியம்: முடிவுத் தேதியை முன்கூட்டியே சொன்னார்கள். 2015-இல் வகுத்த திட்டப்படி எட்டு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. இரண்டாண்டுக்கு ஒருமுறை, மூன்றாண்டு பாதுகாப்புத் திருத்தம் பெறும் நீண்டகாலப் பதிப்பு. பைத்தான் 2-இல் ஓடும் கடைசிப் பதிப்பு 1.11, 2017 ஏப்ரலில் வந்தது, 2020 ஏப்ரல் வரை காத்தார்கள்.

அப்போது நான் இருந்த அலுவலகத்தில், "ஓடுதுல்ல, எதுக்குத் தொடணும்?" என்றது நிர்வாகம். அந்தத் தேதியைக் காட்டித்தான் அனுமதி வாங்கினோம். அவசரமில்லாமல், ஒவ்வொரு பகுதியாக மாற்றி முடித்தோம். தேதி தெரியாதிருந்தால் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது.

தம்பி தங்கைகளே, இனி ஜாங்கோவுக்கு வேண்டியது உங்கள் கைகள்தாம். ஒரு சிறு பிழைத் திருத்தமோ, விளக்கவுரையில் ஒரு பத்தியோ போதும்; தமிழ் மொழிபெயர்ப்புக்கும் அதில் இடமுண்டு. மூத்தவர் வழிவிட்டால் மட்டும் போதுமா? இளையவர் வந்து நிற்க வேண்டாமா? நம் சங்கத்துக்கும் இதைத்தான் சொல்வேன்.

வாழ்க நம் கல்லூரி!