சடங்கன்பாடி

தரங்கம்பாடியை 'அலைகள் பாடும் ஊர்' என்று போற்றாத கவியரங்கு அரிது. பொருள் இனியதே, கல்வெட்டுத்தான் அதற்கு உடன்படவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல், அங்கே மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. அதன் கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்றே குறிக்கிறது. தரங்கம் பின்னாளில் பூட்டிய அணியாகவே கொள்ளத்தகும். பெயர் சூட்டப்பெற்ற அலையோ நன்றி பாராட்டவில்லை. கோயிலின் கீழ்ப்புறத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

கோயிலுக்குத் தெற்கே டேனியர் கோட்டை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் வரைவித்த மடல் அந்நாட்டு ஆவணக்காப்பகத்தில் இன்றும் உள்ளது. இங்கே கல் கரைகிறது. அங்கே ஏடு வாழ்கிறது.

வணிகக் கதையினும் புலவர்க்கு நெருக்கமானது அச்சின் கதை. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். இரண்டே ஆண்டில், தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புரையுடன் பட்டியல் வகுத்தார். சமயம் பரப்ப வந்தவர் செய்த இப்பணி, அந்நாளைய தமிழ் ஏடுகள் எவையென்று அறிய இன்றும் சான்றாகிறது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இவ்வூரிலேயே முழுமையாக அச்சேறியது. செருமனியில் வார்த்த எழுத்து பருமனானது, தாளை விழுங்கியது. ஆகவே சிற்றெழுத்தை இங்கேயே வார்த்தனர். தாளுக்கென அருகில் பொறையாற்றில் பட்டறையும் அமைத்தனர்.

1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்றனர்.