தம்புரா எங்கே போச்சு? – வீட்டுக் கணினிக்குள் ஒலி வந்த கதை

எங்கள் வீட்டு அலமாரியில் 90 நிமிட கேசட் ஒன்று இருக்கிறது. 1984 நவராத்திரியில், செகந்திராபாத் பத்மாராவ் நகர் வீட்டுக் கொலுவில் என் மாமியார் பாடியது. அவர் மேடை ஏறியவர் அல்லர். ஆனால் முறையாகக் கற்றவர். அன்று பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டது அவருடைய 14 வயது மகள். பின்னாளில் என் மனைவியானவள். மாமியார் 1991இல் காலமானார். அவர் குரல் என்று மிஞ்சியது அந்த ஒரே கேசட்தான்.

2004இல் அதைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, ஒரு சி.டி.யில் போட்டு மனைவிக்குக் கொடுத்தேன். ரொம்பப் பெருமையாகத்தான் கொடுத்தேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "அம்மா குரல் கணீர்னு இருக்குங்க. ஆனா என் தம்புரா எங்கே போச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. விடை தேடப்போய், நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்களின் வீட்டுக் கணினிக்குள் ஒலி எப்படி வந்தது என்கிற கதையையே படிக்க நேர்ந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஹைதராபாத்துக்கு வானொலி 1935லேயே வந்துவிட்டது. நிஜாம் அரசின் தக்காண வானொலி அது. 1950இல் அகில இந்திய வானொலியின் ஒரு நிலையமாயிற்று. உருதுவும் தெலுங்கும் ஒலித்த அந்த அலைவரிசையில் நமக்கு இசை கிடைத்தது, தமிழ்ப் பேச்சு கிடைக்கவில்லை. இராணுவக் குடியிருப்பை ஒட்டி ஆங்கிலேயர் காலத்திலேயே வந்து குடியேறியவர்களும் சரி, 1960களில் பி.எச்.இ.எல்., ஈ.சி.ஐ.எல். என்று வேலை தேடி வந்தவர்களும் சரி, இரவானால் மத்திய அலையில் சென்னை நிலையத்தையும், சிற்றலையில் இலங்கை வானொலியையும் துழாவிக்கொண்டிருந்தார்கள். பகலில் எட்டாத மத்திய அலை இரவில் நெடுந்தூரம் போகும் என்பதை அறிவியல் வகுப்புக்குப் போகாமலே தெரிந்துகொண்டவர்கள் நம் பாட்டிமார்கள்!

கேட்டதைப் பிடித்து வைக்க வழி வந்தது கேசட்டால். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி, நம் நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும்தான். முதலில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிப் பதிவு செய்தோம். சனிக்கிழமை இரவு தேசியக் கச்சேரியில் ஆலாபனை உச்சத்துக்குப் போகும்போது சரியாகக் குக்கர் விசிலடிக்கும். 'டூ இன் ஒன்' வந்த பிறகு வானொலியும் ரெக்கார்டரும் உள்ளுக்குள்ளேயே இணைந்துவிட்டதால் குக்கர் தொல்லை ஒழிந்தது. ஒலியைக் காற்றில் விடாமல் கம்பி வழியே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவது என்ற தத்துவம் நம் வீடுகளுக்கு அப்படித்தான் அறிமுகமாயிற்று. பின்னால் கணினியில் வந்ததெல்லாம் இதன் விரிவுதான்.

கணினிக்கு முதலில் குரலே கிடையாது. தொடக்ககால பெர்சனல் கம்ப்யூட்டர்கள் 'பீப்' என்று கூவும், அவ்வளவுதான். அதற்குக் குரலும் காதும் கொடுத்ததில் பெரும்பங்கு சிங்கப்பூருக்கு உண்டு. அங்கே சிம் வோங் ஹூ என்பவர் 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற அட்டையை வெளியிட்டது. முதல் அட்டை 8 பிட், ஒற்றைத் தடம். தொலைபேசியைவிடச் சற்று மேல் என்று சொல்லலாம். 1992இல் வந்த 16 பிட் அட்டைதான் சி.டி. தரத்தில் பதிவு செய்ய வல்லது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் மறைந்தார். 1997இல் இன்டெல் நிறுவனம் ஒரு பொதுத் தரத்தை வகுத்த பிறகு தனி அட்டையின் தேவையே குறைந்து, ஒலி மதர்போர்டிலேயே ஏறி உட்கார்ந்தது. கணினியின் முதுகில் இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், பச்சை என்று மூன்று துளைகள் வந்தன: மைக்குக்கு ஒன்று, வெளிக்கருவியிலிருந்து உள்ளே வர ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று.

இந்த வண்ண விஷயத்தில்தான் நான் முதல் அடி வாங்கினேன். கோட்டி குஜராத்தி கல்லியில், ஒரு முனையில் வெள்ளை-சிவப்பு இரட்டைப் பின்னும் மறுமுனையில் ஹெட்போன் பின்னும் உள்ள கேபிளை வாங்கினேன். கடைக்காரர் "மைக்ல சொருகு சார்" என்றார், சொருகினேன். பாட்டு கரகரவென்று உடைந்து வந்தது. மைக் தருவது மிக மெல்லிய மின்னழுத்தம். அதைப் பல மடங்கு பெருக்கும் ஏற்பாடு இளஞ்சிவப்புத் துளைக்குப் பின்னால் இருக்கிறது. டேப் டெக்கிலிருந்து ஏற்கெனவே வலுவாக வரும் ஒலியை அங்கே கொடுத்தால் உடையாமல் என்ன செய்யும்? போக வேண்டிய இடம் வெளிர்நீலம்.

அடுத்தது இடப் பிரச்சினை. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரு அலையைப் பிடிக்க வினாடிக்கு அதன் இருமடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும். அதனால் சி.டி.க்கு வினாடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். 90 நிமிட கேசட் ஒன்று 900 மெகாபைட்டைத் தாண்டும், 700 மெகாபைட் சி.டி.யில் அடங்காது. 4 கிகாபைட் ஹார்ட் டிஸ்க்கில் நாலு கேசட் போட்டால் கணினியே மூச்சுத் திணறும். ஆகவே எம்.பி.3 ஆக்கி நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் என்று சுருக்கிவிட்டு, மூலப்பதிவை அழித்துவிடுவது அன்றைய வழக்கம். நானும் அதையே செய்தேன். அந்தத் தவறின் பலனைப் பிறகு சொல்கிறேன்.

விண்டோஸோடு வந்த 'சவுண்ட் ரெக்கார்டர்' 60 வினாடியில் நின்றுவிடும். ஒரு பல்லவிக்குக்கூடப் போதாது. எனவே அமெரிக்காவின் சின்ட்ரில்லியம் நிறுவனத்தின் 'கூல் எடிட்' பலருக்குக் கைகொடுத்தது. 2003இல் அதை அடோபி வாங்கி 'ஆடிஷன்' என்று பெயர் மாற்றியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டான்னன்பெர்க்கும் உருவாக்கிய 'ஆடாசிட்டி' 2000ஆம் ஆண்டு இலவசமாகவே வெளிவந்தது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால்தான் முடியும் என்றிருந்த வேலை, தார்நாக்காவில் ஒரு மேசைமீது நடந்தது.

ஒலியை உள்ளே கொண்டுவந்த பிறகு, உள்ளுக்குள்ளேயே அதை இடம் மாற்றுவது அடுத்த கட்டம். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஒரு கம்பியைப் பிடுங்கி இன்னொரு துளையில் சொருகுவாரே, அதே வேலைதான். ஆனால் கம்பி மட்டும் கிடையாது. கணினியில் ஒலிப்பதை அந்தக் கணினியே பதிவு செய்ய 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்றொரு தெரிவு பல அட்டைகளில் இருந்தது. இல்லாதவர்கள் பச்சைத் துளையையும் நீலத் துளையையும் ஒரு கேபிளால் இணைத்துச் சமாளித்தோம். 1990களின் இறுதியில் ரஷ்யாவின் யூஜின் முசிசென்கோ எழுதிய 'விர்ச்சுவல் ஆடியோ கேபிள்' கற்பனைக் கம்பிகளையே உருவாக்கித் தந்தது. லினக்ஸில் பால் டேவிஸின் 'ஜாக்', மேக்கில் 'சவுண்ட்ஃபிளவர்' என்று ஒவ்வொரு உலகத்திலும் இதற்கு ஒன்று உண்டு.

நம்மவர்களுக்கு இது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. 2000இல் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் மேலே போய், வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலி இந்தியாவுக்கு வந்தது. கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி', தமிழுக்குக் 'கே.எல். ரேடியோ' என்று நாள் முழுவதும் ஒலித்த அலைவரிசைகள். மொட்டை மாடியில் சின்ன ஆன்டெனா வைத்த வீடுகளில் பெறும் கருவியிலிருந்து கணினியின் நீலத் துளைக்கு ஒரு கேபிள் போய்க்கொண்டிருந்தது. 2009 டிசம்பர் 31 அன்று அந்தச் சேவை இந்தியாவில் நின்றுபோயிற்று. பிடித்து வைத்தவர்களுக்கு இருக்கிறது. சந்தாவை நம்பியிருந்தவர்களுக்கு ஆன்டெனா மட்டும் மிஞ்சியது.

இனி தம்புராவுக்கு வருவோம்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களின் மூலக் கருத்து 1979இல் ஸ்டீவன் போல் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவருடைய கவலை ஹெலிகாப்டர் சத்தத்துக்கு நடுவே பேசும் மனிதக் குரலைத் தெளிவாக்குவது. அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை எளியது: குரல் மாறிக்கொண்டே இருக்கும், இரைச்சல் ஒரே சீராக இருக்கும். பேச்சு இல்லாத ஒரு துண்டில் இரைச்சலின் அளவைக் கணக்கிட்டு, மொத்தத்திலிருந்து கழித்துவிடு. வீட்டு மென்பொருளும் அதையேதான் கேட்கும்: 'பாட்டு இல்லாத அரை வினாடியைத் தேர்ந்தெடு.' நானும் மாமியார் மூச்சு வாங்கும் ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்தேன்.

நம் கச்சேரியில் பாட்டில்லாத இடம் உண்டு, சுருதியில்லாத இடம் ஏது? நான் 'இரைச்சல்' என்று காட்டிக்கொடுத்த அந்த அரை வினாடியில் கேசட்டின் 'ஸ்ஸ்' ஓசையோடு 14 வயதுப் பெண்ணின் தம்புராவும் இருந்தது. சீராக, மாறாமல், ஒரு மணி நேரம். ஸ்டீவன் போலின் கணக்குப்படி அது ஹெலிகாப்டர்!

நான் செய்த இரண்டாவது காரியம் இன்னும் மோசம். டெக்கும் கணினியும் வேறு வேறு ப்ளக்கில் இருந்ததால் 'ங்ங்' என்று மின்சார ஹம் ஏறியிருந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் என்பது 50, 100, 150, 200 என்று அதன் மடங்குகள். அவற்றை வடிகட்டினேன். மாமியார் பாடியது 5 கட்டை சுருதி. அந்தத் தம்புராவின் மந்தர ஸட்ஜம் 98 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 147, நடு ஸட்ஜம் 196. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெக் இரண்டு சதவீதம் வேகமாக ஓடினால் (வீட்டு டெக்குகளில் இது சர்வசாதாரணம்) 98 கிட்டத்தட்ட 100 ஆகிவிடும், 147 ஏறத்தாழ 150, 196 ஏறத்தாழ 200. இரைச்சல் நீக்கியில் தப்பிப் பிழைத்திருந்த தம்புராவையும் ஹம் வடிகட்டி தேடிப் பிடித்துத் துடைத்துவிட்டது. மூலப்பதிவை நான் அழித்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020இல் ஊரடங்கு வந்ததும், மயிலாப்பூர் ஆசிரியையிடம் என் அண்ணன் பேத்தி ஹைதராபாத்திலிருந்து காணொளியில் பாட்டுக் கற்கத் தொடங்கினாள். அங்கிருந்து குரல் வந்தது, சுருதிப் பெட்டி ஒலி வந்து வந்து மறைந்தது. "டீச்சர், சுருதி கேக்கல" என்று குழந்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். செயலிக்குள் இருக்கும் இரைச்சல் அடக்கும் வசதி மின்விசிறிச் சத்தத்தைக் களைவதற்காக வைத்தது. சீரான ஒலி எதுவானாலும் அதற்கு மின்விசிறிதான். இசைக்கென்று அதை அணைத்துவைக்கும் 'ஒரிஜினல் சவுண்ட்' போன்ற தெரிவுகள் சில செயலிகளில் இருந்தன, ஆனால் எங்கோ அமைப்புப் பட்டியலின் அடியில். நாங்கள் கடைசியில் கண்ட வழி, சுருதியை இணையத்தில் அனுப்பாமல் அந்தந்த வீட்டிலேயே தனித்தனியாகப் போட்டுக்கொள்வது. ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து பாடுவது மட்டும் முடியவில்லை. போய்வரும் தாமதத்தில் தாளம் நிற்காது. ஒருவர் பாட, மற்றவர் காத்திருந்து திருப்பிப் பாடுவது என்ற பழைய குருகுல முறைக்கே போனோம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 2021இல், கேசட்டை மறுபடி எடுத்தேன். 37 வருஷ நாடா. முதலில் இரண்டு பக்கமும் வேகமாக முன்னும் பின்னும் ஓட்டி ஒட்டலைப் பிரித்தேன். டெக்குக்குப் புது பெல்ட் போட்டு, முனையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டியதும் ஹம் தானாகப் போய்விட்டது; வடிகட்டவே வேண்டியிருக்கவில்லை. எதையும் நீக்காமல் 'வேவ்' கோப்பாகவே வைத்து, அதற்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றைச் சென்னையில் மைத்துனர் வீட்டில் கொடுத்தேன்.

இப்போது நாடாவின் 'ஸ்ஸ்' அப்படியே இருக்கிறது. நடுவில் யாரோ சுண்டல் கிண்ணம் வைக்கும் சத்தமும் இருக்கிறது. 22ஆவது நிமிடத்தில் தம்புராவின் பஞ்சமம் சற்றே இறங்க, மாமியார் பாட்டை நிறுத்தாமலே "அந்த முதல் கம்பியைப் பாரு" என்கிறார். பிரடையைத் திருகும் சத்தம் வருகிறது, சுருதி சேர்கிறது. என் மனைவி கேட்பது அந்த இடத்தைத்தான்.