வானொலிக் குடிலும் முகவரிப் பட்டியலும்

கப்பலின் மேல்தளத்தில் வானொலிக் கருவிகளை வைப்பதற்கென்று ஒரு சிறு மரக்குடில் இருந்தது. அதற்கு 'ரேடியோ ஷேக்' என்று பெயர். 1921இல் பாஸ்டன் நகரில் தியோடர், மில்டன் டாய்ச்மன் சகோதரர்கள் கடை திறந்தபோது அந்தப் பெயரையே சூட்டினர். கப்பல் வானொலியாளர்களும், வீட்டிலேயே வானொலி கட்டிப் பேசிய ஹாம் ஆர்வலர்களும் அங்கே வந்தார்கள். 1939இல் முதல் விலைப்பட்டியல் வெளியாயிற்று. அஞ்சல் வழி வணிகத்துக்கு வாடிக்கையாளரின் முகவரி இன்றியமையாதது. இந்த முகவரி என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1963இல் நட்டத்தில் தத்தளித்த நிறுவனத்தைச் சார்ல்ஸ் டாண்டி ஏறத்தாழ மூன்று லட்சம் டாலருக்கு வாங்கினார். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தோல் கைவினைப் பொருள்கள் விற்றவர் அவர். தோல் வணிகருக்கு மின்னணுவியலில் என்ன வேலை என்று நமக்குத் தோன்றும். ஆனால் கைவேலைப் பித்துப் பிடித்தவரின் மனத்தை அவர் அறிந்திருந்தார். அத்தகையவர் பெரிய பொருளை எப்போதோ வாங்குவார். சில்லறைப் பொருளுக்கோ அடிக்கடி வருவார். ஆகவே டாண்டி ஊர்தோறும் சிறு கடைகளைத் திறந்தார். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒயர் என அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. அட்டை ஒன்றைக் காட்டினால் மாதம் ஒரு பேட்டரி இலவசம். எதை வாங்கினாலும் பில் போடுமுன் பெயரையும் முகவரியையும் கேட்டார்கள். விளம்பரத் தாள்கள் வீடு தேடிச் சென்றன.

1977இல் டிஆர்எஸ்-80 கணினி வந்தது. திரையுடன் 599.95 டாலர். விற்காவிட்டால் கடைகளின் கணக்கு வேலைக்காவது பயன்படட்டும் என்று, கடைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் முதலில் செய்தார்களாம். அது விற்ற வேகத்துக்கு உற்பத்தி ஈடுகொடுக்க முடியவில்லை. (கேலி செய்தவர்கள் அதை 'ட்ராஷ்-80', அதாவது குப்பை-80, என்றனர்.)

இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இவ்வரலாற்றில் மிக உவப்பானது ஒரு நூல். ஃபாரஸ்ட் மிம்ஸ் இக்கடைகளுக்காக எழுதி 1983இல் வெளிவந்த மின்னணுவியல் அறிமுக நூல் அது. எழுத்தும் படமும் முழுக்கக் கையாலேயே ஆனவை. பள்ளி மாணவனின் நோட்டைப் புரட்டுவது போலிருக்கும். அவரோ பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர், அரசியல் படித்தவர். பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்ற அந்நூலைத் தமிழில் எவரேனும் செய்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் நமக்குண்டு.

பிறகு நேர்ந்தது சரிவு. 1993இல் கணினித் தயாரிப்பை விற்றுவிட்டார்கள். செல்பேசி விற்பனையில் லாபம் கொழிக்கவே, உதிரிப்பாகங்கள் கடையின் பின்மூலைக்கு ஒதுங்கின. செல்பேசி வாங்க எத்தனையோ கடைகள் உண்டு. ஒற்றை ரெசிஸ்டர் வாங்க இது ஒன்றுதான் இருந்தது என்பதை நிர்வாகம் மறந்தது. 2002இல் முகவரி கேட்கும் வழக்கமும் நின்றது.

2015 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. கடன் தீர்க்க ஏலத்துக்கு வந்தவற்றுள் அந்தப் பெயர்ப்பட்டியலும் ஒன்று. 'உங்கள் முகவரியை யாருக்கும் விற்கமாட்டோம்' என்று வாக்களித்து வாங்கிய பட்டியல் அது! டெக்சாஸ் உள்ளிட்ட மாநில அரசுகள் ஆட்சேபித்தன. இறுதியில் அண்மைக்கால மின்னஞ்சல் முகவரிகள் போன்ற சிறு பகுதியை மட்டும் விற்கலாம், பெரும்பகுதியை அழித்துவிட வேண்டும் என உடன்பாடு ஏற்பட்டது. 2017இல் இரண்டாம் முறை திவால். 2023இல் பெயர் மட்டும் எல் சால்வடோர் நாட்டு யுனிகோமர் குழுமத்தின் கைக்குப் போனது.