மதுரை மல்லி, சுங்குடி, ஜிகர்தண்டா... இந்தப் பெயர்கள் யாருக்குச் சொந்தம்? கடைப் பெயர், லோகோ, வெப்சைட் உரிமை பற்றிய முழு விவரம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை ஏறினால் அன்றைக்கே செய்தியாகிவிடும். ஆனால் 'மதுரை மல்லி' என்ற பெயருக்கும் ஒரு விலை உண்டு. மதுரையில் புதிதாகக் கடை போடுபவர்கள் போர்டு, பேக்கிங், வெப்சைட், இன்ஸ்டாகிராம் பக்கம் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். அந்தப் பெயரும் லோகோவும் சட்டப்படி தங்களுடையதுதானா என்று பார்ப்பவர்கள் குறைவு. கடை பிரபலமான பிறகு அதே பெயரில் இன்னொரு போர்டு முளைக்கும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

ஊர்ப் பெயரை யார் பயன்படுத்தலாம்? கடைப் பெயரை எப்படிப் பதிவு செய்வது? காசு கொடுத்து வரைந்த லோகோ யாருக்குச் சொந்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு

ஒரு ஊரின் மண், தண்ணீர், கைத்திறமை ஆகியவற்றால் ஒரு பொருளுக்குத் தனிச்சிறப்பு கிடைத்தால், அதற்குத் தரப்படுவதுதான் புவிசார் குறியீடு. இதற்கான சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமலுக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

மதுரை சுங்குடிக்கு 2005-லும், மதுரை மல்லிக்கு 2013-லும் இந்தக் குறியீடு கிடைத்தது. பக்கத்து ஊர்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா (2019), கோவில்பட்டி கடலைமிட்டாய் (2020) ஆகியவையும் பட்டியலில் உள்ளன.

இது தனி ஒருவருக்குத் தரப்படும் உரிமை இல்லை. உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்பின் பெயரில்தான் பதிவாகும். இதை விற்கவோ, வாடகைக்கு விடவோ முடியாது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

குறியீடு கிடைத்தும் ஏன் பலன் குறைவு?

ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டால் போதும், நமக்கும் உரிமை வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. ஒவ்வொரு விவசாயியும் நெசவாளரும் தனித்தனியாக 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு செய்துகொண்டால்தான் சட்டப்படி முழு உரிமை. இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. புவிசார் குறியீட்டுப் பொருட்களுக்கென மத்திய அரசு 2018-ல் ஒரு பொது லோகோவும் வெளியிட்டது. பதிவு செய்தவர்கள் அதைத் தங்கள் பேக்கிங்கில் போடலாம்.

சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கையால் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு பிரிக்கும்போது புள்ளிகள் விழும். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. ஒரு சேலைக்கே பல நாள் பிடிக்கும். ஆனால் மெஷினில் புள்ளி பிரிண்ட் போட்ட சேலையும் 'சுங்குடி' என்றே விற்கப்படுகிறது. சேலையில் லோகோவோ, டேக்கோ இல்லையென்றால் வாங்குபவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? விலை குறைந்ததைத்தான் எடுப்பார். முடிச்சுப் போட்டவரின் கூலிதான் அடிபடும்.

எத்தியோப்பியா செய்தது என்ன?

இதே பிரச்சினை ஆப்பிரிக்க நாடான எத்தியோப்பியாவுக்கும் வந்தது. அங்கே விளையும் சிடாமோ, ஹரார், யிர்காசெஃபே காபிகள் உலகப் புகழ் பெற்றவை. கடைகளில் அதிக விலைக்கு விற்றாலும், விவசாயிக்குக் கிடைத்தது அதில் சிறு பங்குதான். 2005-ல் அந்த நாட்டு அரசு, இந்தப் பெயர்களை அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. அமெரிக்க காபி வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. ஆனாலும் எத்தியோப்பியா விடவில்லை. கடைசியில் 2007-ல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அந்தப் பெயர்களின் உரிமையை ஏற்று உடன்பாடு செய்துகொண்டது. நல்ல பொருள் மட்டும் போதாது, அதன் பெயரும் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இது பேசப்படும் உதாரணம்.

கடைப் பெயருக்கு டிரேட்மார்க்

ஊர்ப் பெயர் எல்லோருக்கும் பொது. உங்கள் கடைப் பெயர் உங்களுக்கு மட்டும் வேண்டுமென்றால் டிரேட்மார்க் எனப்படும் வணிகக்குறியாகப் பதிவு செய்ய வேண்டும்.

• கட்டணம்: ஆன்லைனில் விண்ணப்பித்தால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய். சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் பதிவு உதவும், அது இலவசம்.

• பிரிவு: பொருட்களும் சேவைகளும் 45 பிரிவுகளாக உள்ளன. பூ 31-வது பிரிவு, ஐஸ்கிரீம் 30-வது பிரிவு, ஹோட்டல் நடத்துவது 43-வது பிரிவு. எந்தப் பிரிவில் பதிவு செய்கிறீர்களோ, அதை வைத்துத்தான் பாதுகாப்பு.

• காலம்: விண்ணப்பம் ஏற்கப்பட்டு இதழில் வெளியானதும், எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு 4 மாதம் அவகாசம். பதிவானால் 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

எல்லாப் பெயரும் பதிவாகாது. 'ஜிகர்தண்டா' என்பது பானத்தின் பொதுப் பெயர். 'மதுரை' என்பது ஊர்ப் பெயர். 'ஒரிஜினல்', 'ஸ்பெஷல்' என்று முன்னால் சேர்த்தாலும் ஆட்சேபம் வரும். தனித்துத் தெரியும் ஒரு சொல்லோ, படமோ இருந்தால் வாய்ப்பு அதிகம். விண்ணப்பித்தவுடன் 'டிஎம்' என்று போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் பதிவுக்கு முன்பே போடுவது சட்டப்படி தவறு.

பதிவே செய்யாத பழைய கடைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. தன் பெயரை ஏமாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்று வழக்குப் போடலாம். ஆனால் எத்தனை வருடமாக அந்தப் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்பதைப் பழைய பில், விளம்பரம், உரிமம் எல்லாம் காட்டி நிரூபிக்க வேண்டும்.

லோகோ வரைந்தவருக்கா, காசு கொடுத்தவருக்கா?

பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இதுதான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தை வரைந்தவர்தான் பொதுவாக அதன் முதல் உரிமையாளர். டிசைனர் உங்கள் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் உரிமை நிறுவனத்துக்கு. வெளியில் ஃப்ரீலான்ஸராகச் செய்து கொடுத்தவர் என்றால், காசு கொடுத்தது மட்டும் போதாது. 'உரிமையை மாற்றித் தருகிறேன்' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்திலும் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான்.

கூடவே லோகோவின் மூல ஃபைலையும் வாங்கிவிடுங்கள். கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றில் செய்த வெக்டர் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தை ஃப்ளெக்ஸ் போர்டு அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வெப்சைட்டில் கவனிக்க வேண்டியவை

டொமைன் எனப்படும் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகிறதோ, கட்டுப்பாடு அவரிடம்தான். வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரில், தன் இமெயிலில் பதிவு செய்துவிட்டு, பிறகு இருவருக்கும் ஒத்துவராமல் போனால் முகவரியே கையை விட்டுப் போகலாம். அதனால் உரிமையாளர் பெயர், இமெயில், மொபைல் எண் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். தமிழிலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரியும் வாங்கலாம்.

அடுத்தது எழுத்துரு. அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. அதில் அடித்ததை அப்படியே வெப்சைட்டில் ஏற்றினால், கூகுள் தேடலில் கடை தமிழில் கிடைக்காது. யூனிகோடில் இருந்தால்தான் கிடைக்கும்.

கடை போர்டிலும் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள் சொல்கின்றன. எனவே லோகோவை ஆங்கிலத்தில் மட்டும் செய்துவிட்டு, பிறகு தமிழை ஒட்டவைப்பதைவிட, ஆரம்பத்திலேயே தமிழ் வடிவத்தையும் செய்து இரண்டையும் பதிவு செய்வது நல்லது.

கடை திறப்பதற்கு முன் செக் பண்ண வேண்டியவை

1. பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமை இணையதளத்தில் தேடுங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை.
2. டொமைனை உங்கள் பெயரில் வாங்குங்கள்.
3. டிசைனரிடம் உரிமை மாற்றக் கடிதமும் மூல ஃபைலும் வாங்குங்கள்.
4. சரியான பிரிவில் டிரேட்மார்க் விண்ணப்பியுங்கள்.
5. மல்லி, சுங்குடி போன்ற பொருள் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதியுங்கள்.
6. முதல் நாள் பில்லிலிருந்து எல்லா ஆவணங்களையும் பத்திரமாக வையுங்கள்.

போர்டு மாட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இதற்கு ஆகும் செலவு பல நேரங்களில் குறைவுதான்.